அண்ணாச்சியின் தழும்பு

ஜூன் 12, வியாழன்

அம்மா தூங்கிவிட்டாள். அப்பா முன்னறையில் பிளெக்ஸ் மிஷினை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் நான் பக்கம் புரட்டுவது கேட்காது. எழுதி முடித்ததும் நோட்டைச் சுருட்டி, பிளெக்ஸ் ரோல் சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் சொருகிவிடுவேன். வீட்டில் அந்தக் குழாய்கள் ஏகமாய்க் கிடக்கின்றன.

இன்று கணக்கு வகுப்பில் வயிறு வலித்தது. பாத்ரூமில் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. நான் பெரியவளாகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மிஷினைத் துடைக்க அப்பா பனியன் வேஸ்ட் மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் மை படாத துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். மை படாததிலும் மை வாடை அடிக்கிறது.

என் கிளாஸ் அபிநயாவுக்கு ஏப்ரலில் சடங்கு வைத்தார்கள். எங்கள் கடையில்தான் பிளெக்ஸ் அடித்தார்கள். பாதி நிலாவின்மேல் அவளை உட்கார வைத்து, தலையில் கிரீடம் வைத்து, பக்கத்தில் மயில் விட்டு, கீழே வரிசையாகத் தாய்மாமன்கள், எல்லோரும் கூலிங் கிளாஸோடு. பஸ் ஸ்டாண்டில் கட்டினார்கள். பையன்கள் அதைப் போனில் எடுத்துப் பாட்டுச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விசேஷம் முடிந்ததும் யாரோ பிளெக்ஸைக் கழற்றிக்கொண்டு போய், ஒயின்ஷாப் பாருக்குப் பின்னால் ஆண்கள் ஒன்றுக்குப் போகிற இடத்தில் மறைப்பாகக் கட்டிவிட்டார்கள். மாமன்கள் இருந்த பாதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கட்டினார்களாம். மாமன்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள் என்று பயம். அபிநயா இருந்த பாதி மட்டும் அங்கே இருக்கிறது. இப்போதும் இருக்கிறது.

என் படம் அங்கே போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

தாடையில் மஞ்சள் அப்பியிருக்கிறேன். குனிந்து எழுதினால் விண்விண் என்று தெறிக்கிறது.

கடைக்கு என் பெயர்தான், கனி டிஜிட்டல்ஸ். டிசைன் பண்ணிக்கொண்டிருந்த அண்ணன் திருப்பூருக்குப் போனபின் சாயங்காலமும் லீவு நாளிலும் கம்ப்யூட்டரில் நான்தான் உட்காருகிறேன். அப்பா பின்னால் நின்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனப்பாடம். "பொம்பளைக்குக் கலரை ஏத்து. ஆம்பளைக்கு ஏத்தாத. ஆம்பளை கறுப்பா இருந்தா கெத்து, பொம்பளை கறுப்பா இருந்தா பாவம்." "ஆம்பளைய மார்பளவு போடு, மூஞ்சி தெரியணும். பொம்பளைய முழுசாப் போடு, சேலை தெரியணும்." "ஆம்பளைக்குத் தொந்தியக் குறைக்காத, அதுதாம்ட்டி பதவி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்கக் கல்யாணப் பெண்களின் முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பருக்கள், அம்மைக்குழி, கண்ணுக்குக் கீழே கருவளையம். கடைசியாகத் தங்கப்பழம் அண்ணாச்சியின் பிறந்தநாள் பிளெக்ஸ். அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர். இந்த ஊரில் அவர் படம் இல்லாமல் ஒரு கம்பமும் கிடையாது. கை பழகிப்போய் அவர் முகத்தையும் துடைத்துவிட்டேன். இடது புருவத்துக்கு மேலே அவருக்கு ஒரு நீளமான தழும்பு உண்டு. அது போய்விட்டது. நான் கவனிக்கவில்லை, அப்பாவும் கவனிக்கவில்லை. ஜங்ஷனில் கட்டிவிட்டார்கள்.

இன்று காலையில் ஆட்களோடு கடைக்கு வந்தார்.

"ஏல சேர்மத்துரை, ஜங்ஷன்ல தொங்குதானே, அவன் யாருல?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நானா? என்னைப் பெத்தவ வந்து பாத்தாலும் யாரோ சோப்பு விக்க வந்தவன்னு போயிருவா. என் தழும்பு எங்கல?"

அப்பா என்னைக் கை காட்டினார். "பிள்ள தெரியாமச் செஞ்சிட்டா அண்ணாச்சி."

அவர் என் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. "ஏ பிள்ள, இது எப்பிடி வந்துச்சு தெரியுமா? நாலு பேரு அருவாளோட வந்தான். நான் ஓடல. நின்னேன். இதப் பாத்துத்தான் சனம் ஓட்டுப் போடுது. இத அழிச்சிட்டா நான் யாரு? வெறும் அரிசிக்கடைக்காரன்." ஆட்கள் சிரித்தார்கள். அவர் அப்பாவிடம், "எத்தனாப்புல படிக்கா?" என்றார்.

"ஒம்பது அண்ணாச்சி."

"இன்னும் சமையலையா?"

அப்பா கூச்சத்தோடு இல்லை என்று தலையாட்டினார்.

"ஆவட்டும். உன் மவ சடங்குக்கு ஜங்ஷன்ல நாப்பதடி பிளெக்ஸ் நான் வைக்கேன். தழும்போட." மறுபடியும் சிரிப்பு. அப்பா கும்பிட்டார். நானும் கும்பிட வேண்டியிருந்தது.

அவர் போனதும் அப்பா ஸ்டீல் ஸ்கேலை வீசினார். தாடையில் பட்டுக் கிழித்துவிட்டது. வீசியபின் அவரே ஓடிவந்து பனியன் வேஸ்ட்டை வைத்து அமுக்கினார்.

ராத்திரி அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனக்குள் சொன்னாள். "அருவாளாம் அருவா. கோயில் கொடையில குடிச்சிட்டு வில்லுப்பாட்டு மேடையில இருந்து விழுந்தது. நாங்கள்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்."

ஜூன் 20, வெள்ளி

பையன்கள் போர்டில் பாதி நிலா வரைந்து வைத்திருந்தார்கள். அபிநயா டிசி வாங்கப்போகிறாளாம்.

ஜூன் 28, சனி

ஊராட்சித் தலைவர் பதவிக்கு இடைத்தேர்தல் வருகிறது. அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. அதனால் அண்ணாச்சி நிற்க முடியாது. அவர் பெண்சாதியை நிறுத்துகிறார். இன்று படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெயர் ஆவுடைசெல்வி. எல்லோரும் ஆவுடை அக்கா என்கிறார்கள். நான் அவளைப் பக்கத்தில் பார்த்தது இன்றுதான். பவுடர் அதிகமாகப் போட்டிருந்தாள். நீலத்துணிக்கு முன்னால் நிற்க வைத்து அப்பா லைட்டைப் போட்டதும் பவுடருக்குள் இருந்தது தெரிந்தது. வலது கண்ணுக்குக் கீழே கன்னம் வரைக்கும் ஊதா நிறம். ஓரத்தில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அப்பா கேமராவைக் கீழே இறக்கினார். அண்ணாச்சி போனைப் பார்த்துக்கொண்டே, "மாடிப்படியில விழுந்துட்டா. நீ எடுல, பிள்ள சரி பண்ணிரும்" என்றார். பிறகு பெண்சாதியிடம், "கும்பிடு. சிரி. பல்லுத் தெரியாம சிரி" என்றார். அவள் கும்பிட்டாள். சிரித்தாள்.

அண்ணாச்சிக்குப் போன் வந்தது, வெளியே போனார். அப்பாவும் டீ சொல்லப் பின்னாலேயே போனார். மெமரி கார்டை எடுப்பதற்காக நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஆவுடை அக்கா நாற்காலியைப் பார்த்தாள். என் பின்பக்கத்தைப் பார்த்தாள். வந்து அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள், பட்டுச் சேலையோடு. கைப்பையைத் திறந்து ஒரு நாப்கின் பாக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

"வீட்ல சொல்லலையோ?"

நான் பாக்கெட்டை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"எத்தன மாசமா?"

"இப்பத்தான். இது ரெண்டாவது தடவ."

"பிளெக்ஸுக்குப் பயந்துக்கிட்டா?" என்று கேட்டு அவளே சிரித்தாள். இந்தமுறை பல் தெரிந்தது. "நல்ல காரியம் பண்ணுன. அப்பன் கடையிலயே பிளெக்ஸு. தப்பிச்சு எங்க ஓடுவ? போ, உடுப்ப மாத்திட்டு வா. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

நான் மாற்றிக்கொண்டு வந்தபோது நாற்காலி சுத்தமாக இருந்தது. கார்டைப் போட்டதும் மானிட்டரில் அவள் முகம் பெரிதாக வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனிதான உன் பேரு? இதத் துடைச்சுத்தான போடுவ?"

"ஆமாக்கா."

"துடைக்காம ஒண்ணு அப்படியே வச்சிரு. நான் கேக்கையில குடு. நீயும் யார்ட்டயும் சொல்லாத."

சரி என்றேன். அறிவியல் புராஜெக்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அப்பா அதைத் திறப்பதே இல்லை. அதில் ஒரு காப்பி போட்டேன்.

அதன்பிறகு துடைத்தேன். ஊதா போக நேரம் ஆனது. கலரை ஏற்றினேன். அண்ணாச்சி பின்னால் நின்று, "இன்னும், இன்னும்" என்றார். நிற்பது அவள்தான். ஆனால் பிளெக்ஸில் அவர் மார்பளவு, முகம் மட்டுமே ஆள் உயரம். அவள் ஓரத்தில் முழு உருவமாக, அவர் தோளுக்குக் கீழே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். "தழும்பு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பெரிதாக்கிக் காட்டினேன்.

ஜூலை 3, வியாழன்

ஊர் முழுக்க அவர்கள் படம். சாரல் அடிக்கிறது. நனைந்த பிளெக்ஸ் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது ராத்திரியெல்லாம் கேட்கிறது.

இன்று ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அண்ணாச்சி தெருமுனையில் ஜீப்பில் நின்றார். ஆவுடை அக்கா வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தாள். அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தாமல், "வாங்க மதினி. நீங்களா நிக்கியோ? பிளெக்ஸப் பாத்துட்டு நான் அண்ணாச்சிதான் நிக்காகன்னு நெனச்சேன்" என்றாள்.

"நான் எங்க மதினி நிக்கேன்? அவுக நிக்காக. நான் பக்கத்துல கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பீடித் தட்டு சரிந்துவிட்டது. எங்கள் குளியலறைக்குச் சுவரே பழைய பிளெக்ஸ்தான். அண்ணாச்சியின் போன வருடப் பிறந்தநாள். படம் வெளியே தெரிகிற மாதிரி அம்மா கட்டியிருக்கிறாள். "ஆம்பளை மூஞ்சி உள்ள இருந்தா குளிக்கவா முடியும்?" என்று அதையும் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போகும்போது ஆவுடை அக்கா என் கையில் ஒரு நோட்டீஸ் கட்டைக் கொடுத்து, "பள்ளிக்கூடத்துல டீச்சர்மாருக்குக் குடு பிள்ள" என்றாள். கட்டுக்கு நடுவில் பாக்கெட் இருந்தது. இந்த மாதத்துக்குப் பயமில்லை.

ஜூலை 12, சனி

நேற்று ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்துவிட்டாள். வெற்றி பிளெக்ஸில் அண்ணாச்சிக்கு மாலை போட்டேன். அவளுக்குப் போட இடம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

டீக்கடையில் சிரித்தார்கள் என்று அப்பா வந்து சொன்னார். பதவி ஏற்றதும் ஆவுடை அக்கா ஆபீசில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணாச்சி உள்ளே வந்திருக்கிறார். அவள் எழுந்திருக்கவில்லையாம். பேனாவை மூடாமலே, "அங்ஙன உக்காருங்க" என்று எதிரில் இருந்த பெஞ்சைக் காட்டினாளாம். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்ததை யாரோ போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

"அவ வெளையாட்டுக்குச் சொன்னாளோ என்னமோ" என்றார் அப்பா. "அந்தப் படத்துல அண்ணாச்சி சின்னதாத் தெரியுதாரு. நான் பத்து வருசமா அவர அப்பிடிப் பாத்ததில்ல."

அம்மா சிரிக்கவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் அப்பா ஷட்டரைத் திறந்ததும் ஆவுடை அக்கா வந்தாள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா உள்ளே பேப்பர் எடுக்கப் போன நேரத்தில் என் பக்கம் குனிந்தாள். வெற்றிலை போட்டவள் மாதிரி வாயை ஒரு பக்கமாகவே வைத்துப் பேசினாள்.

"அந்தப் படம் இருக்கா?"

"இருக்குக்கா."

"பேப்பர்ல எடுத்துக் குடு. போனுக்கு அனுப்பாத, அவுக பாப்பாக. இன்னிக்குச் சாயங்காலம் எங்க அம்மைய வரச்சொல்லி இருக்கேன். அவகிட்டக் குடுத்து அனுப்பணும்."

அப்பா உள்ளே பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிரிண்டர் அப்பாவின் மேஜையில்தான் இருக்கிறது. படம் வெளியே வந்தால் முதலில் அவர்தான் பார்ப்பார். அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவார்.

"பிரிண்டர் ரிப்பேர்க்கா. திங்கக்கிழமை வாங்க" என்றேன்.

பிரிண்டர் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரி, திங்கக்கிழமை வாரேன்" என்றாள். அம்மையை வரவேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்து போனாள்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அப்பா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவசர வேலை என்றார்.

ஆவுடை அக்கா செத்துப்போனாள். நேற்று ராத்திரி மாடிப்படியில் விழுந்தாளாம்.

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார்கள். வேறு படம் எதற்கு, தேர்தலுக்கு எடுத்ததே இருக்கிறதே என்றார் அப்பா. நான் துடைத்த அதே முகம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்தேன். கீழே இரண்டு குத்துவிளக்கு. பக்கத்தில் அண்ணாச்சி கைகூப்பி அழுகிற மாதிரி ஒரு படம். அதைச் சாவு வீட்டிலேயே யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். செத்தவளின் படம் பெரிதாக இருக்க வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வைக்கிறவர் யாரு? அவருதான. அளவ மாத்தாத" என்றார்.

அழுகிற படத்தில் முடி நெற்றியில் விழுந்திருந்தது. ஒரு ஆள் போன் பண்ணினான். "முடிய ஒதுக்கி விடச் சொல்லுதாரு. தழும்பு மறையுதாம்."

ஒதுக்கிவிட்டேன்.

வெயில் தாழும் முன்பே எரித்துவிட்டார்கள். அவள் அம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. போலீஸ் வந்து டீ குடித்துவிட்டுப் போனது. அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார். "யாரும் எதுவும் பேசக் கூடாது. நமக்கு ஒண்ணும் தெரியாது."

இன்று திங்கட்கிழமை.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். தனியாக வந்தார். பதினாறாம் நாள் பிளெக்ஸுக்கு அளவு பார்க்க வேண்டும் என்று அப்பாவை டேப்போடு ஜங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மொட்டை போட்டிருந்தார். தலை வெளுப்பாகவும் முகம் கறுப்பாகவும் இருந்தது.

"ஆவுடை கடைசியில எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார். "உன்கிட்ட ஒரு படம் இருக்காமே."

நான் மானிட்டரையே பார்த்தேன்.

"எடு அத."

தேர்தல் ஃபோல்டரைத் திறந்தேன். கேமராவிலிருந்து வந்த படம் அதில் இருந்தது. அவர் சற்று நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "அழி" என்றார். அவர் முன்னாலேயே அழித்தேன். அறிவியல் புராஜெக்டில் இன்னொன்று இருப்பது அவருக்குத் தெரியாது. ஆவுடை அக்காவுக்கும் தெரியாது. அதனால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

"இன்னொண்ணும் சொன்னா" என்றார். "நீ பெரிய மனுசி ஆயிட்டியாமே. வீட்டுக்கே தெரியாதாமே."

நான் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பயப்படாத. உன் விசயத்த நான் பேசல. என் விசயத்த நீ பேசாத. என்ன?"

தலையாட்டினேன். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவள் சொல்லிவிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. மூச்சு விட மாட்டேன் என்றாளே. பிறகு, எப்படிச் சொல்லியிருப்பாள், என்ன செய்தால் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. விளக்கை அணைக்கப்போகிறேன்.

ஜூலை 25, வெள்ளி

அப்பா கம்பம் ஊன்றப் போயிருந்தார். அம்மா பீடிக்கடையில். கடையில் நான் மட்டும். ஒரு வயதான அம்மா படியேறி வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆவுடை அக்காவின் அம்மா.

"ஆவுடை படம் ஒண்ணு வேணும் தாயி. அவ மட்டும் இருக்கிற மாதிரி. ஊரு பூரா எம் மவ படம்தான் தொங்குது. எல்லாத்துலயும் அவந்தான் இருக்கான்."

உட்காருங்க ஆச்சி என்றேன். உட்காரவில்லை.

"தை மாசம் வந்தா. அடிக்கான், இனிப் போவலன்னா. நாந்தான் பொறுத்துப் போன்னு பஸ் ஏத்திவிட்டேன். அன்னிக்குப் போன்ல, வாம்மான்னா. பெறகு அவளே வரவேண்டாம்னுட்டா." சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நேத்து போலீஸ் டேசன்ல போயிக் கேட்டேன். ஒரு சின்னப் பையன், புதுசா வந்தவன் போல. எதாச்சும் காட்டும்மா, முன்னாடி அடிச்சதுக்கு ஒரு தடயம் காட்டு, எழுதிக்கிடுதேன்னான். நான் எங்க போவேன்? எல்லாத்தையும் எரிச்சுப்புட்டானே."

பிறகு நான் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"படம் புடிக்கையில நீ கூட இருந்தியா தாயி? எம் மவ மூஞ்சில காயம் கீயம் எதுவும் பாத்தியா?"

அறிவியல் புராஜெக்ட் திறந்தே இருந்தது. அவர் உள்ளே வந்ததுமே நான்தான் திறந்திருந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. ஊதா நிறக் கன்னம் திரையில் இருந்தது. ஆச்சி நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் பார்க்கலாம். பார்த்தாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ. போலீஸ்காரனுக்குத் தெரியும். பிரிண்டர் விளக்கு பச்சையாக எரிந்தது. அப்பா இல்லை. யாரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் என் படம் தொங்குவது கண்முன் தெரிந்தது. பிறகு அதைப் பாருக்குப் பின்னால் கட்டுவது தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல ஆச்சி. நல்லாத்தான் இருந்தாவ" என்றேன்.

துடைத்த படத்திலிருந்து அண்ணாச்சியை வெட்டிவிட்டு, அவளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஆச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தடவினார். மை காயவில்லை, தடவாதீங்க என்றேன்.

"கலராயிட்டா" என்றார். "எங்க வீட்ல இருக்கையில கருவாச்சின்னுதான் கூப்பிடுவோம்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருந்திருக்கான். வயித்தெரிச்சல்ல நாந்தான் என்னென்னமோ நெனச்சுட்டேன். மாடிப்படியிலதான் விழுந்திருப்பா போல."

படத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, என் தாடையைத் தொட்டு முத்திவிட்டுப் படியிறங்கினார். அவர் விரல் பட்ட இடத்தில் ஸ்கேல் பட்ட தழும்பு இருந்தது.

அவர் போனதும் அறிவியல் புராஜெக்டை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

ஜூலை 26, சனி

சமையலறைப் பக்கம் போகவே முடியவில்லை. சாப்பிட்டது நிற்கவில்லை. அம்மா பித்தம் என்கிறாள்.

ஜூலை 30, புதன்

அண்ணாச்சி லாலாக்கடை அல்வாப் பெட்டியோடு வந்தார். "ஏல சேர்மத்துரை, வீட்ல விசேசத்த வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம இருக்கியே."

அப்பாவுக்குப் புரியவில்லை. அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். ஆவுடை சாவதற்கு முன் ஆசைப்பட்டாளாம், கனி சடங்கைப் பெரிசாகச் செய்ய வேண்டுமென்று. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எதுவுமே பேசவில்லையே, சொன்னபடி இருந்தேனே என்று அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மிரட்டுகிற சிரிப்பு இல்லை. சந்தோஷமாகவே சிரித்தார்.

"நல்ல பிள்ள. வாய இறுக்கி வச்சிருக்கத் தெரிஞ்ச பிள்ள. அன்னிக்கே வாக்குக் குடுத்தேன்லா, நாப்பதடி. பரிசுன்னே வச்சுக்க."

அவர் போனதும் அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தாள். எப்போது, என்ன நேரம், ஜோசியருக்கு என்னத்தைச் சொல்ல என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். நேரம் ஞாபகமில்லை என்றேன். கணக்கு வகுப்பு என்று சொல்லியிருக்கலாம். பிறகு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

நீலத்துணிக்கு முன்னால் நிற்க வைத்து அப்பா என்னைப் படம் எடுத்தார். பட்டுப்பாவாடை, ஒட்டியாணம், வாடகை ஜிமிக்கி. "சிரிட்டி. பல்லுத் தெரியாம" என்றார்.

டிசைனையும் நானே பண்ண வேண்டும் என்றார். "உன் கை சுத்தம். வேற எவன்ட்டயும் குடுக்க மனசில்ல." அவர் குரலில் பெருமை. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

கலரை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றார் அப்பா. ஏற்றினேன். "தாடையில அது என்ன, அத எடுத்துரு" என்றார். ஸ்கேல் அவர் கையில்தான் இருந்தது, திரையில் அளவு காட்டிக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டேன். எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. என் முகம் ஆவுடை அக்காவின் முகம் மாதிரியே ஆகிவிட்டது. அபிநயாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

அண்ணாச்சி ஒரு புதுப் படம் அனுப்பியிருந்தார். தழும்பு போதுமா என்று அப்பா கேட்டார். கொஞ்சம் கூர்மையாக்கினேன்.

அவரை எங்கே வைப்பது, என்னை எங்கே வைப்பது என்று நிறைய நேரம் யோசித்தேன். வழக்கமாக ஒரு பக்கம் பெண், ஒரு பக்கம் ஆண்கள். நடுவில் கத்திரி போட்டால் நேராக இரண்டாகிவிடும். அண்ணாச்சி இருக்கும் பாதியை யாரும் தொடமாட்டார்கள், மற்றப் பாதி பாருக்குப் பின்னால் போகும். அதனால் அவரை நாற்பதடிக்கும் நிறைத்துப் போட்டேன். அவர் முகத்தின் மேலேயே, தழும்புக்குக் கீழே, கன்னத்தில் என்னை நிற்க வைத்தேன். என் கிரீடம் அவர் கண்ணுக்குள் போயிற்று. பாவாடை அவர் மீசையில் விரிந்தது. ஓரங்களைக் கரைத்து, எது அவர், எது நான் என்று தெரியாதபடி ஒட்டினேன்.

அப்பா எட்டி நின்று பார்த்தார். "புதுசா இருக்கே. அண்ணாச்சிக்குப் பிடிக்கும்" என்றார்.

இப்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. முதலில் அவர் நெற்றி வந்தது, பிறகு தழும்பு. இப்போது நான் வந்துகொண்டிருக்கிறேன்.

இனி என்னை அவரிடமிருந்து யாராலும் வெட்டி எடுக்க முடியாது.